கனடாவுக்குப் புதிதாக வந்த யாழ்ப்பாணத்தவருக்கு: வேலைக் கடிதம் மெய்யா பொய்யா?

வந்திறங்கிய முதல் மாதங்களில் வேலை தேடுபவரைப் பிடிக்க வருபவர்கள் பலர் எங்கள் தமிழிலேயே கதைப்பார்கள். "உரும்பிராயோ? எங்கட மச்சாளும் அங்கதான்" என்று ஒட்டுவார்கள். கதையை விட்டுவிட்டு, காசு யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று பாருங்கள்.

எல்.எம்.ஐ.ஏ. (LMIA) என்பது வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க முதலாளி கனடா அரசிடம் பெறும் ஒப்புதல். பொதுவாக ஓர் இடத்துக்கு 1,000 டொலர் கட்டணம். அதை முதலாளிதான் கட்ட வேண்டும், தொழிலாளியிடம் அறவிடக்கூடாது. அதை ஆயிரக்கணக்கான டொலருக்கு உங்களுக்கு விற்பவரின் கம்பனி உண்மையானதாக இருந்தாலும் விற்பனை சட்டவிரோதம். பொய்க் கடிதத்தோடு விண்ணப்பித்தால் உங்களுக்கே ஐந்து ஆண்டுத் தடை விழலாம். விசிட்டர் விசாவில் வந்தவர் உள்ளே இருந்தபடியே வேலை அனுமதி கேட்க இருந்த தற்காலிக ஏற்பாடு 2024 ஓகஸ்ட் 28உடன் நின்றது. நிரந்தர வதிவிடத்துக்குப் புள்ளி பார்த்து ஆள் எடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் வேலைக் கடிதத்துக்குக் கிடைத்த புள்ளிகளும் 2025 மார்ச் 25இல் நீக்கப்பட்டன. இரண்டையும் சொல்லி இன்றைக்கும் விற்கிறார்கள். அகதிக் கோரிக்கை வைத்தவரின் வேலை அனுமதி வேறு வழியில் வருவது, அதற்கு எல்.எம்.ஐ.ஏ. தேவையே இல்லை.

அடுத்தது காசோலை. வீட்டிலிருந்து செய்யும் கணக்கு வேலை என்பார்கள். நேர்முகம் வட்ஸ்அப்பில், அதுவும் எழுத்தில் மட்டும். பிறகு 2,400 டொலருக்குக் காசோலை வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். "உங்கட கணக்கில போடுங்கோ, 400 உங்களுக்கு, மிச்சத்தை லப்டொப் விக்கிறவருக்கு ஈ-ட்ரான்ஸ்பர் பண்ணுங்கோ." காசோலை தேறுவதற்கு முன்பே வங்கி தொகையைக் கணக்கில் காட்டும். சில நாளிலோ சில வாரத்திலோ காசோலை செல்லாது என்று திரும்பிவிடும். நீங்கள் அனுப்பிய 2,000 வராது. கணக்கு மைனஸில் நிற்க, வங்கி உங்களிடம்தான் கேட்கும். காசோலைக்குப் பதில் வேறொருவரின் பணம் கணக்குக்கு வந்து, அதை நீங்கள் மாற்றி அனுப்பினால் பொலிஸ் விசாரணையும் சேரும்.

சின் நம்பரை (SIN, சமூகக் காப்புறுதி எண்) வேலை உறுதியான பிறகே கொடுங்கள். விண்ணப்பத்திலேயே அதையும் வங்கி விவரத்தையும் கேட்பவர் உங்கள் பெயரில் கடன் எடுக்கத்தான் கேட்கிறார். கடிதத்தில் உள்ள தொலைபேசிக்கு எடுக்காமல், கம்பனியின் இணையத்தளத்தில் உள்ள எண்ணுக்கு எடுத்து, ஆட்சேர்ப்பவரின் பெயரைச் சொல்லி விசாரியுங்கள்.

ஊரிலும் சொல்லி வையுங்கள். தம்பியைக் கூப்பிடலாம் என்று நகையை அடகு வைத்துத் தனியாள் கணக்கில் காசு போடுவது அங்கேதான் நடக்கிறது. இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி எண்ணுக்கு எடுத்து இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: இந்த முகவருக்கு உரிமம் இருக்கிறதா, இந்த வேலைக்கே அனுமதி இருக்கிறதா. சிலரிடம் முதலாவது இருக்கும், இரண்டாவது இராது.

காசு போய்விட்டதா? அன்றைக்கே வங்கிக்கும், பிறகு பொலிசுக்கும், கனடிய மோசடித் தடுப்பு மையத்துக்கும் (1-888-495-8501) சொல்லுங்கள். வெட்கத்தில் வட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள். முறைப்பாட்டில் எழுத வேண்டிய தொலைபேசி எண்ணும் கணக்கு எண்ணும் அதில்தான் இருக்கின்றன.