கண்ணை அளவுகோலாக வைக்கும் தவறு

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி எடுத்த படங்களைக் காட்டும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் வருகிறது: "அங்கே நேரில் போனால் இந்த நிறத்தில்தான் தெரியுமா?" தெரியாது என்றதும் கேட்டவரின் முகம் வாடிவிடுகிறது. வண்ணம் பூசிய படம், ஆகவே பொய் என்று முடிவுகட்டிவிடுகிறார். முதலில் தவிர்க்க வேண்டியது இந்த முடிவைத்தான்.

நம் கண்ணுக்கு எட்டுவது ஏறத்தாழ 0.4 முதல் 0.7 மைக்ரோமீட்டர் வரையுள்ள அலைநீளங்கள் மட்டுமே. வெப் பார்ப்பது 0.6 முதல் 28 வரை, பெரும்பகுதி அகச்சிவப்பு. வெவ்வேறு வடிகட்டிகள் வழியே எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களில் நீண்ட அலைக்குச் சிவப்பு, குறுகியதற்கு நீலம் என வரிசை பிறழாமல் நிறம் கொடுத்து இணைக்கிறார்கள். ஐந்து கட்டையில் பாடும் கீர்த்தனையை ஒரு கட்டைக்கு இறக்கிப் பாடினாலும் ராகம் அதேதான். இங்கே நடப்பதும் அப்படியொரு சுருதி மாற்றம்தான்.

ஆனால் எல்லாப் படத்துக்கும் இது பொருந்தாது. 2019 ஏப்ரலில் வெளியான, எம்87 என்ற விண்மீன் மண்டலத்தின் கருந்துளைப் படத்தின் ஆரஞ்சு வளையம் பலருக்கு நெருப்பாகத் தோன்றியது. அது 1.3 மில்லிமீட்டர் ரேடியோ அலையில் எடுக்கப்பட்டது. அங்கே நிறம் சொல்வது பிரகாசத்தின் ஏற்ற இறக்கத்தை மட்டுமே. படத்துக்குக் கீழே உள்ள குறிப்பைப் படிக்காமல் நிறத்துக்குப் பொருள் சொல்லாதீர்கள்.

ரேடியோ என்றதும் ஒலி என்று நினைப்பது அடுத்த தவறு. "விண்மீன்களைக் கேட்கிறார்கள்" என்று பத்திரிகைகளே எழுதுகின்றன. ரேடியோ அலையும் ஒளிதான். வெற்றிடத்தில் அதே வேகத்தில்தான் பாய்கிறது. நம் வீட்டு வானொலியில் ஒலியை உண்டாக்குவது அந்தப் பெட்டியே.

ஊட்டி அருகே முத்தோரையில் உள்ள ரேடியோ தொலைநோக்கியைப் பார்ப்பவர்கள், "கண்ணாடி எங்கே?" என்று தேடக்கூடும். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அதன் பரப்போ வெறும் எஃகுக் கம்பிகள், ஏறத்தாழ 1,100. இடைவெளி விட்டுக் கட்டிய கம்பிகள் எப்படி ஒளியைத் திருப்பும்? அது பிடிக்கும் அலையின் நீளம் 92 சென்டிமீட்டர். சில சென்டிமீட்டர் இடைவெளி அந்த அலைக்கு இடைவெளியே அல்ல. வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970இல் முடிந்த இந்தப் பணியில் எனக்கு மிகவும் பிடித்தது இடத்தேர்வு. மலைச்சரிவின் சாய்வும் ஊட்டியின் அட்சரேகையும் ஏறத்தாழ 11 பாகை. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. அந்த ஒரே அச்சில் மெல்லச் சுழற்றினால் போதும், ஒரு வான்பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். பகலா, மேகமா என்ற கவலை இல்லை. இரவில்தான் வானியல் என்ற எண்ணமும் இங்கே உடைகிறது.

இத்தனை பெரியது என்பதால் நுணுக்கமாகவும் பார்க்கும் என்று எண்ணிவிடக் கூடாது. நுணுக்கத்தைத் தீர்மானிப்பது விட்டத்துக்கும் அலைநீளத்துக்கும் உள்ள விகிதம். அந்தக் கணக்கில் 530 மீட்டர் ஊட்டித் தொலைநோக்கியைவிட நம் கண்ணே நுட்பமானது! இந்தக் குறையை ஈடுகட்ட ஊட்டி வானியலாளர்கள் நிலவைத் துணைக்கு அழைத்தார்கள். நிலவின் விளிம்பு ரேடியோ அலை வீசும் ஒரு வான்பொருளை மறைக்கும் கணத்தைக் குறித்து, அதன் இடத்தையும் அளவையும் துல்லியமாகக் கணித்தார்கள். பின்னர் புனே அருகே கோடத்தில் 45 மீட்டர் விட்டமுள்ள 30 ஆன்டெனாக்களை 25 கிலோமீட்டர் வரை பரப்பி வைத்ததும் இந்த நுணுக்கத்துக்காகவே.

எக்ஸ் கதிரில் நிலைமை தலைகீழ். காற்றுமண்டலம் அதைத் தடுத்துவிடுவதால் விண்வெளிக்குப் போயே ஆக வேண்டும். சாதாரணக் கண்ணாடியில் நேராக மோதினால் எக்ஸ் கதிர் உள்ளே புதைந்துவிடும். தட்டைக் கல்லைச் சாய்வாக வீசினால் குளத்தில் தத்திச் செல்வதுபோல, மிகச் சாய்வாகப் பட்டால்தான் திரும்பும். அதனால்தான் 1999இல் ஏவப்பட்ட சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியின் கண்ணாடிகள் ஒன்றுக்குள் ஒன்று வைத்த குழாய்கள்போல இருக்கின்றன. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர்தான் அதற்கு.

புதியது வந்தால் பழையது வீண் என்பதும் தவறான கணக்கு. நண்டு நெபுலாவைக் கண்ணுறு ஒளியில் பார்த்தால், 1054இல் பூமியில் தெரிந்த விண்மீன் வெடிப்பு சிதறடித்த வாயு இழைகள் தெரியும். சந்திராவின் படத்தில் அந்த இழைகள் எடுபடுவதில்லை. நடுவில் நொடிக்கு 30 முறை சுழலும் விண்மீனும், அதைச் சுற்றிய வளையங்களும் தெரிகின்றன.