முதுநிலைப் படிப்புக்குப் போகும் செவிலியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செவிலியர் பணியில் நான்கைந்து ஆண்டுகள் கழிந்ததும் ‘மேற்கொண்டு என்ன படிக்கலாம்’ என்ற கேள்வி எழுவது வழக்கம். உடன் படித்த ஒருவர் முதுநிலையில் சேர்ந்துவிட்டார், இரவு டியூட்டி உடலுக்கு ஒத்துவரவில்லை, பதவி உயர்வுக்குப் பட்டம் கேட்கிறார்கள் என்று காரணங்கள் பல இருக்கும். இவற்றில் எதையும் தவறான காரணம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் படிப்பை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு, அது எந்த வேலைக்குக் கொண்டுபோய் விடும் என்பதைப் பிறகு யோசிப்பதிலிருந்துதான் பின்னால் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை முளைக்கின்றன. செய்ய விரும்பும் வேலையை முதலில் தீர்மானித்துக்கொண்டு, அதற்கு வழிவிடும் படிப்பு எது என்று அங்கிருந்து பின்னோக்கித் தேட வேண்டும்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு மேற்படிப்பு எல்லாம் ஒன்றுபோலத் தோன்றினாலும், உள்ளே பல கிளைகள் உண்டு. ஒவ்வொன்றும் வெவ்வேறு தேவையிலிருந்து பிறந்தது. செவிலியக் கல்வியாளர் ஹில்டகார்ட் பெப்லாவ் 1954-இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் மனநலச் செவிலியத்தில் முதுநிலைப் படிப்பைத் தொடங்கினார். ஒரு துறையில் ஆழ்ந்த அறிவு பெற்று, சிக்கலான நோயாளிகளைக் கவனிப்பதோடு மற்றச் செவிலியர்களுக்கும் வழிகாட்டும் சிறப்புச் செவிலியரை உருவாக்குவது அந்த வழி. லோரெட்டா ஃபோர்டும் குழந்தை மருத்துவர் ஹென்றி சில்வரும் 1965-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சியோ, நோயாளியை நேரடியாகப் பரிசோதித்து, நோயைக் கண்டறிந்து, சிகிச்சையைத் தீர்மானிக்கும் செவிலியரை நோக்கியது. இவற்றுக்கு அப்பால் கற்பித்தல், நிர்வாகம், ஆராய்ச்சி ஆகியவற்றுக்கெனத் தனித்தனிப் படிப்புகள் இருக்கின்றன. நோயாளியின் கட்டிலருகே நிற்பதில்தான் மனநிறைவு காண்பவர் நிர்வாகப் பிரிவில் சேர்ந்து, இரண்டு ஆண்டுகள் கழித்துப் பணிப்பட்டியலும் கணக்குத் தாளுமாக உட்கார்ந்திருப்பது பாடத்திட்டத்தின் குற்றமாகாது.

முனைவர் நிலையிலும் இதே குழப்பம் தொடர்கிறது. புதிய அறிவை உருவாக்கும் ஆராய்ச்சியாளருக்கானது பிஎச்.டி.; இருக்கும் அறிவை மருத்துவமனையில் நடைமுறைக்குக் கொண்டுவருபவருக்கானது டி.என்.பி. என்னும் செயல்முறை முனைவர் பட்டம். இரண்டு பட்டங்களுக்கும் முன்னால் ‘டாக்டர்’ வருகிறது என்பதற்காக ஒன்றுக்குப் பதில் மற்றொன்றில் சேர்ந்துவிடக் கூடாது.

எல்லாவற்றிலும் விலை அதிகமான தவறு, பட்டத்தையும் பதிவையும் பதவியையும் ஒன்றென்று எண்ணிக்கொள்வது. பட்டத்தைத் தருவது பல்கலைக்கழகம். ஒரு செவிலியர் சட்டப்படி எதைச் செய்யலாம், எந்தப் பெயரில் செய்யலாம் என்று தீர்மானிப்பது பதிவுக் குழுமம் அல்லது உரிமம் வழங்கும் அமைப்பு. அந்த வேலைக்கு ஓர் இடத்தை உண்டாக்கிச் சம்பளம் தருவது மருத்துவமனை. மூன்றும் ஒரே நேரத்தில் ஒத்துப்போகும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஆஸ்திரேலியாவில் நர்ஸ் பிராக்டிஷனர் என்ற அங்கீகாரத்தைப் பெற, அதற்கென ஏற்கப்பட்ட முதுநிலைப் பட்டம் போதாது. கடந்த 6 ஆண்டுகளுக்குள் உயர்நிலைச் செவிலியப் பணியில் (வழக்கமான செவிலியரைவிடக் கூடுதல் பொறுப்பேற்றுத் தானே முடிவெடுக்கும் பணி) 5,000 மணி நேரம் வேலை செய்திருக்கவும் வேண்டும். படித்து முடித்த கையோடு அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம் என்று நம்பி வருபவருக்கு இது பேரிடியாக இருக்கும். அமெரிக்காவில் மயக்க மருந்துச் செவிலியர் ஆவதற்கு முதுநிலையே போதுமானதாக இருந்த காலம் போய், 2022 தொடக்கத்திலிருந்து அந்தப் பயிற்சியில் புதிதாகச் சேரும் ஒவ்வொருவரும் முனைவர் நிலைப் படிப்பிலேயே சேர வேண்டும் என்று விதி மாறிவிட்டது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் சேர்ந்த சீனியர் சொன்ன தகவலை நம்பி விண்ணப்பிப்பவர்கள் சறுக்குவது இத்தகைய இடங்களில்தான்.

ஆகவே விண்ணப்பப் படிவத்தைத் தொடுவதற்கு முன், வேலை செய்ய நினைக்கும் நாட்டின் பதிவு அமைப்பு இந்தப் படிப்பை ஏற்கிறதா, முடித்தபின் தனித் தேர்வோ தனிப் பதிவோ உண்டா, மருந்து எழுதும் உரிமை அதில் அடங்குமா, அடங்கும் என்றால் எந்த மருந்துகளுக்கு என்பனவற்றை அந்த அமைப்பின் விதிகளிலிருந்தே தெரிந்துகொள்ள வேண்டும். கல்லூரியின் விளம்பரத் தாள் இதற்குச் சான்றாகாது. சர்வதேசச் செவிலியர் மன்றம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் உயர்நிலைச் செவிலியப் பணிக்கு முதுநிலைப் பட்டத்தைத் தொடக்கத் தகுதியாகப் பரிந்துரைக்கின்றன. ஆனால் அது பரிந்துரைதான். எந்த நாட்டிலும் வேலை செய்யும் உரிமையை அது தானாகத் தருவதில்லை.

இதோடு ஒட்டிய இன்னொரு பிழை, எந்த வகை நோயாளிகளுக்காகப் பயிற்சி பெறுகிறோம் என்பதைப் பொருட்படுத்தாமல் இருப்பது. அமெரிக்காவில் 2008-இல் ஏற்கப்பட்ட ‘ஒருமித்த மாதிரி’ என்னும் பொது வரையறை, உயர்நிலைச் செவிலியப் பணியை நான்கு பொறுப்புகளாகவும் ஆறு நோயாளிக் குழுக்களாகவும் பிரிக்கிறது. எல்லா வயதினரையும் கவனிக்கும் குடும்பப் பிரிவில் பயின்றவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை தேடினால், எத்தனை ஆண்டுகள் அங்கே செவிலியராக இருந்திருந்தாலும், பெற்ற கல்வி அந்த வேலைக்குப் பொருந்தாமல் போகலாம். பலர் ‘எல்லா வயதினரையும் பார்க்கலாமே’ என்ற ஆசையில் பரந்த பிரிவைத் தேர்ந்துவிட்டு, பிறகு கூடுதல் சான்றிதழ் படிப்புக்காக மறுபடியும் வகுப்பறையில் உட்கார வேண்டியதாகிறது.

கிளினிக்கல் போஸ்டிங், அதாவது நோயாளிகளிடையே பெறும் நேரடிப் பயிற்சி பற்றி முன்கூட்டியே விசாரிக்காமல் இருப்பதும் அடிக்கடி நடப்பதே. அமெரிக்க நர்ஸ் பிராக்டிஷனர் படிப்புகளுக்கான 2022-ஆம் ஆண்டுத் தரவிதிகள் நோயாளியை நேரடியாகக் கவனிக்கும் பயிற்சிக்குக் குறைந்தது 750 மணி நேரம் கேட்கின்றன. அதற்கு முன் இருந்த அளவு 500. வாரம் 16 மணி நேரம் ஒதுக்க முடிந்தவருக்கு 750 மணி நேரம் என்பது ஏறத்தாழ 47 வாரங்கள். விடுப்பு, தேர்வு, காய்ச்சல் எதுவும் சேராத கணக்கு இது. போஸ்டிங்குக்கான இடத்தையும் மேற்பார்வையாளரையும் கல்லூரி ஏற்பாடு செய்து தருமா, மாணவரே அலைந்து தேட வேண்டுமா என்பதைச் சேரும் முன்பே கேட்டுவிட வேண்டும். வகுப்புகள் முழுவதும் இணையவழி என்று சொல்லப்படும் படிப்புகளில் இந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குவது இன்னும் அவசியம்.

இனி, படிப்பு தொடங்கிய பிறகு நேரும் தவறுகள். இவற்றில் ஆழமானதை வெளியே யாரும் அதிகம் பேசுவதில்லை. அனுபவமுள்ள செவிலியர் தன் பழைய திறமையே புதிய வேலைக்கும் போதும் என்று நம்புவதுதான் அது. செவிலியக் கல்வியாளர் பாட்ரிசியா பென்னர் 1984-இல் செவிலியரின் வளர்ச்சியை, தொடக்க நிலையிலிருந்து வல்லுநர் நிலை வரை ஐந்து படிகளாக விளக்கினார். அதில் கவனிக்க வேண்டியது, பொறுப்பு மாறும்போது வல்லுநரும் கீழ்ப்படிக்கு இறங்கக்கூடும் என்பது.

ஒரு சூழலை எடுத்துக்கொள்வோம். இடுப்பெலும்பு அறுவைச் சிகிச்சை முடிந்த நான்காம் நாள், ஒரு முதியவருக்குத் திடீரென்று மூச்சு வாங்குகிறது. பத்தாண்டு அனுபவமுள்ள செவிலியர் அறைக்குள் நுழையும்போதே நிலைமை சரியில்லை என்று உணர்ந்துவிடுவார். தலைப்பக்கத்தை உயர்த்துவார், ஆக்சிஜன் வைப்பார், நாடியும் இரத்த அழுத்தமும் பார்ப்பார், இரண்டு நிமிடத்துக்குள் மருத்துவரை அழைத்துத் தெளிவாக விவரம் சொல்வார். அவருடைய பொறுப்பு அங்கே செம்மையாக நிறைவேறிவிடுகிறது. அதே செவிலியர் உயர்நிலைப் பயிற்சியில் இருக்கும்போது கேள்வி அங்கிருந்துதான் தொடங்குகிறது. நுரையீரல் தமனியில் இரத்தக்கட்டி அடைத்திருக்கிறதா, நிமோனியாவா, ஏற்றிய திரவம் அதிகமாகி இதயம் திணறுகிறதா, இரத்தசோகையா, மாரடைப்பு வலியில்லாமல் வந்திருக்கிறதா? இவற்றில் எதை முதலில் விலக்க வேண்டும், அதற்கு எந்தச் சோதனை, அந்தச் சோதனையின் முடிவு எப்போது ஏமாற்றும்? இரத்தக்கட்டியைச் சந்தேகித்துச் செய்யும் டி-டைமர் சோதனை அறுவைச் சிகிச்சைக்குப் பின் எப்படியும் உயர்ந்தே இருக்கக்கூடும்; ஆகவே அந்த முதியவருக்கு அதன் உயர்ந்த முடிவு எதையும் நிரூபிக்காது. ‘ஏதோ சரியில்லை’ என்ற உள்ளுணர்வு விலைமதிப்பற்றது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதைக் காரணங்களாகப் பிரித்து, வரிசைப்படுத்தி, எழுதிக் காட்டி, தவறினால் தானே பொறுப்பேற்கும் பயிற்சி வேறு.

இந்த இடத்தில் தடுமாறுவது கௌரவக் குறைவு என்று எண்ணிச் சிலர் மேற்பார்வையாளரிடம் கேள்வி கேட்பதையே நிறுத்திவிடுகிறார்கள். வார்டில் எல்லோரும் தன்னிடம் ஆலோசனை கேட்ட காலம் மனதில் இருக்கும்போது, இருபத்தைந்து வயதுப் பயிற்சி மருத்துவர் முன்னால் ‘தெரியவில்லை’ என்று சொல்வது கசக்கத்தான் செய்யும். அந்தக் கசப்பை விழுங்காதவர்கள் தமக்கு நன்றாகத் தெரிந்த வகை நோயாளிகளையே திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்து லாக் புக்கை நிரப்புகிறார்கள். மணிக்கணக்கு நிறைந்துவிடும், ஆனால் அறியாத நோயாளியைச் சந்திக்கும் முதல் நாள், வழிகாட்ட யாரும் இல்லாத நாளாக அமைந்துவிடும்.

ஆய்வேட்டுக்கு வருவோம். செவிலியர் முதுநிலையில் தலைப்புத் தேர்வு என்றால் பெரும்பாலும், குறிப்பிட்ட ஒரு நோயைப் பற்றிக் குறிப்பிட்ட ஒரு குழுவினரின் அறிவை வினாத்தாளால் அளந்து, திட்டமிட்ட போதனை ஒன்றைக் கொடுத்து, ஒரு வாரம் கழித்து மறுபடியும் அளந்து, அறிவு உயர்ந்துவிட்டது என்று முடிப்பதுதான். பாடம் நடத்தி ஏழு நாளில் கேட்டால் மதிப்பெண் உயராமல் என்ன செய்யும்? ஒப்பீட்டுக் குழுவும் இல்லாதபோது அந்த உயர்வு போதனையால் வந்ததா, அதே வினாத்தாளை இரண்டாம் முறை பார்த்ததால் வந்ததா என்றுகூடப் பிரித்தறிய முடியாது. நோயாளியின் நடத்தை மாறியதா, புண் குறைந்ததா, மீண்டும் மருத்துவமனையில் சேர்வது தவிர்க்கப்பட்டதா என்று ஒரு படி மேலே கேட்கும் தலைப்பு, மாதிரி சிறியதாக இருந்தாலும் அதிகம் கற்றுத்தரும்.

மறுபக்கத்தில், அளவுக்கு மீறிய ஆசையும் ஆய்வைக் கவிழ்க்கும். 60 பேர் தேவை என்று முன்மொழிவில் எழுதிவிடுவது எளிது. தகுதியுள்ள நோயாளிகள் அந்த வார்டுக்கு மாதம் 10 பேர்தான் வருகிறார்கள், அவர்களில் பாதிப் பேரே சம்மதிக்கிறார்கள் என்றால், சேகரிப்புக்கு மட்டும் 12 மாதங்கள் ஆகும்; நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்குக் காத்திருப்பது இதில் சேரவில்லை. வார்டின் சேர்க்கைப் பதிவேட்டை ஒரு மணி நேரம் புரட்டியிருந்தால் முன்பே தெரிந்திருக்கக்கூடிய செய்தி இது. அதேபோலத் தரவை எல்லாம் சேகரித்து முடித்த பிறகு புள்ளியியல் வல்லுநரைத் தேடிப் போவதும் வீண். அவரால் தரவைக் காப்பாற்ற முடியாது, எங்கே தவறினீர்கள் என்று சொல்ல மட்டுமே முடியும்.

வேலையையும் படிப்பையும் ஒன்றாக ஓட்டுபவர்கள் செய்யும் பிழை எளிமையானது: மேலாளரிடம் தாமதமாகச் சொல்வது. முழு ஆண்டுக்கான போஸ்டிங், தேர்வுத் தேதிகளைத் தொடக்கத்திலேயே கொடுத்துவிட்டால் பணிப்பட்டியலில் இடம் ஒதுக்க வழியுண்டு. முந்தைய நாள் மாலை வந்து கெஞ்சினால் உடன் பணிபுரிபவர்கள்தான் சுமக்க நேரும். இரவு டியூட்டி முடித்து நேராகப் பயிற்சிக்குப் போய் மருந்தின் அளவைக் கணக்கிடுவதைத் துணிச்சல் என்று பாராட்டத் தேவையில்லை; அது நோயாளிக்கு ஆபத்து.

படித்து முடித்துப் பழைய மருத்துவமனைக்கே திரும்புபவர்கள், பொறுப்பு என்ன என்பதை எழுத்தில் பேசி முடிக்காமலே சேர்ந்துவிடுவது கடைசித் தவறு. இவர்கள் பெயர்ப்பட்டையில் புதிய எழுத்துகள் சேர்ந்திருக்கும்; ஆள் குறையும் நாளெல்லாம் பழைய ஷிப்ட்டிலேயே நிறுத்தப்படுவார்கள். சில மாதங்களில் கற்ற பரிசோதனைத் திறனும் மங்கத் தொடங்கும். எந்த நோயாளிகளைத் தனியே பார்க்கலாம், எந்தக் கட்டத்தில் மருத்துவரை அழைக்க வேண்டும், எந்தச் சோதனைகளை எழுதலாம், வாரத்தில் எத்தனை மணி நேரம் கற்பித்தலுக்கோ ஆய்வுக்கோ ஒதுக்கப்படும், ஆள் பற்றாக்குறையின்போது அந்த நேரம் பறிக்கப்படுமா என்று பணி ஆணையில் கையெழுத்திடும் முன்பே கேட்டு, பதிலையும் அந்த ஆணையிலேயே சேர்க்கச் சொல்ல வேண்டும்.