மலையகக் காற்றில் மின் புரொப்பெல்லர் இறக்கை: செய்வதும் அளப்பதும்

இறக்கையின் முன்விளிம்பு நெடுகச் சிறு மின்மோட்டார்களை அடுக்கினால், விமானம் மெதுவாகப் போகும்போதும் இறக்கைமேல் வேகக் காற்று ஓடி ஏற்றுவிசை கூடும். நாசாவின் எக்ஸ்-57 வடிவமைப்பில் இதற்காக 12 புரொப்பெல்லர்கள் இருந்தன. நுனிகளில் இன்னும் 2. அது பறக்காமலே 2023இல் திட்டம் முடிந்தது. முன்னோடியான 18 புரொப்பெல்லர் இறக்கையை லொறி மேல் பூட்டி, வறண்ட ஏரிப் படுக்கையில் ஓட்டிப் பார்த்தார்கள். நம்முடைய கொண்டை ஊசி வளைவுகளில் அது நடக்காது. ஏற்றுவிசை எவ்வளவு கூடுகிறது என்று ஒரு சிறு மாதிரி இறக்கையில் அளக்க, ஓடாமல் கிடக்கும் ஒரு விசிறி, தேயிலைக் கொழுந்து வாட்டும் ட்ரஃபில் (நீளத் தொட்டியில்) காற்றடிப்பது, கிடைத்தால் போதும்.

விசிறிக் காற்று சுழன்று வரும். 200 மி.மீ. நீளக் குடிநீர் ஸ்ட்ரோக்களை நெருக்கி அடுக்கி அதன் முன் நிறுத்துங்கள். இறக்கை நிற்கப்போகும் இடத்தில் ஒன்பது புள்ளிகளில் காற்றுமானி வைத்து, சராசரியை விநாடிக்கு 8 மீற்றருக்குக் கொண்டுவாருங்கள்.

இறக்கை: வலப்பக்கப் பாதி மட்டும். நீளம் 600 மி.மீ., அகலம் 150 மி.மீ., குறுக்குவெட்டு கிளார்க் வை என்ற வழக்கமான இறக்கை வடிவம், சூடான கம்பியால் வெட்டிய ரெஜிபோம். முன்விளிம்பிலிருந்து 38 மி.மீ. தள்ளி 8 மி.மீ. கார்பன் குழாய். 5 அங்குலப் புரொப்பெல்லர் நான்கு, மையத்துக்கு மையம் 140 மி.மீ.; அலகு நுனிகளுக்கிடையே 13 மி.மீ. மிஞ்சும். புரொப்பெல்லர் தட்டு, அதாவது அலகுகள் சுற்றும் வட்டம், முன்விளிம்புக்கு 50 மி.மீ. முன்னால் நிற்கட்டும். ஒட்டி வைத்தால் காற்று வேகம் பிடிக்கும் முன்பே இறக்கையில் மோதிவிடும். மோட்டார் அச்சை 5 பாகை கீழ்நோக்கிச் சாய்க்கவும், இறக்கைக்கு முன்னால் காற்று மேலே எழும்பித்தான் வருகிறது.

நான்கில் வெளிக்கோடியில் உள்ள நுனி மோட்டார் சுழலும் திசையில்தான் பலர் தவறுகிறார்கள். உட்பக்க அலகு மேலேறவேண்டும். அப்போதுதான் இறக்கை நுனியைச் சுற்றிக் கீழிருந்து மேலே புரளும் காற்றுச் சுழிக்கு எதிராகச் சுழலும். வலது இறக்கைக்கு, பின்னால் நின்று பார்த்தால் கடிகாரத் திசை, அதாவது எதிர்த்திசையைக் குறிக்கும் ‘ஆர்’ எழுத்தில்லாத சாதாரணப் புரொப்பெல்லர்.

இனி முக்கியமான சங்கதி. த்ரொட்டில் (மோட்டாருக்கு எவ்வளவு மின்சாரம் விடுகிறோம் என்ற) வீதத்தை வைத்து ஒப்பிடாதீர்கள், உந்துவிசையை வைத்து ஒப்பிடுங்கள். நுவரெலியா 1868 மீற்றரில் இருக்கிறது. 16 பாகை வெப்பநிலையில் காற்றடர்த்தி சுமார் 0.98 கி.கி./க.மீ., 28 பாகைக் கொழும்பில் 1.17. அதே சுழற்சி வேகத்தில் உந்துவிசை இங்கே ஆறில் ஒரு பங்கு குறையும். ஆனால் புரொப்பெல்லர் கூட்டும் இயங்கழுத்தம் (ஓடும் காற்றின் வேகத்தால் வரும் அழுத்தம்), உந்துவிசையைத் தட்டின் பரப்பால் வகுத்தது மட்டுமே. அடர்த்தி அதில் இல்லை. ஒவ்வொன்றும் 200 கிராம் தள்ளினால் 155 பாஸ்கல் கூடும். வெறும் காற்றில் இருப்பதோ 31. இரண்டும் சேர்ந்து 186, ஆக ஏறக்குறைய ஆறு மடங்கு. ஏற்றுவிசை அந்த அளவுக்கு ஏறாது: வேகக் காற்றின் தடிப்பு இறக்கை அகலத்தைவிடக் குறைவு, அதனால் பலன் கணிசமாகக் குறையும். ஆறு மடங்கு வந்துவிட்டால் தராசைத்தான் சந்தேகிக்கவேண்டும்.

மோட்டாரைத் தனியாக, அதே 8 மீற்றர் காற்றில் பூட்டி 200 கிராம் வரும் த்ரொட்டிலைக் குறித்துக்கொள்ளுங்கள். நின்ற காற்றில் எடுத்த அளவு ஏமாற்றும்.

இறக்கையை இரண்டு இணைத் தண்டுகளில் தொங்கவிட்டுச் சமையலறைத் தராசில் வைத்த 2 கி.கி. பாரத்தோடு இணையுங்கள், குறையும் எடைதான் ஏற்றுவிசை. இறக்கையைக் காற்றுக்கு 10 பாகைக் கோணத்தில் வைத்தால் மோட்டார் அச்சு 5 பாகை நிமிர்ந்திருக்கும். நான்கும் சேர்ந்த 800 கிராம் உந்துவிசையில் 70 கிராம் நேராக மேலே தூக்கும். அதைக் கழியுங்கள்.

இன்னொரு பொறி: இந்த வேகத்தில் ரெனால்ட்ஸ் எண் (காற்றோட்டத்தின் வேகமும் இறக்கையின் அளவும் காற்றின் பிசுக்கோடு ஒப்பிட்டு எவ்வளவு என்று சொல்லும் எண்) 65,000 அளவுதான். மோட்டார் ஓடாத இறக்கையில் காற்று மேற்பரப்பைவிட்டு எளிதில் பிரிந்துவிடும். ஓடினால் கலங்கிய காற்றே அதை ஒட்டவைக்கும். மோட்டாரின் பெருமை பொய்யாக வீங்கும். முன்விளிம்பிலிருந்து 10 மி.மீ.யில் நெளிநெளியான டேப்பை இரு சோதனைக்கும் ஒட்டுங்கள். மோட்டார் இல்லாத அளவை எடுக்கும்போது புரொப்பெல்லர்களைக் கழற்றிவிடவேண்டும், சும்மா சுற்றினாலும் காற்றைக் கெடுக்கும்.

காலைக் குளிரில் லிப்போ பட்டரியின் வோல்ற்றளவு சரியும். அறைக்குள் வைத்து எடுத்து வாருங்கள். மூடுபனி இறங்கினால் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சி பலகையில் ஈரம் படியும், நிறமில்லாத நகப்பூச்சு பூசினால் தாங்கும். யாரும் புரொப்பெல்லர் தட்டின் நேர்ப்பக்கத்தில் நிற்கக்கூடாது.

கடைசியாக, 40 மி.மீ. நூல் துண்டுகளை மேற்பரப்பில் ஒட்டிவிட்டு நுனி மோட்டாரை மட்டும் நிறுத்துங்கள். அந்தப் பகுதியின் நூல்கள் துடித்துத் திரும்பினால், ஒரு மோட்டார் போன விமானத்தில் இறக்கையின் எந்த இடம் முதலில் கைவிடும் என்பது கண்ணெதிரே தெரியும்.