வினைபடுதிறன் வரிசையை நீங்களே கண்டுபிடிப்பது எப்படி?

வினைபடுதிறன் வரிசையை, அதாவது அதிகம் வினைபுரியும் உலோகம் மேலே, குறைவாக வினைபுரிவது கீழே என்று அடுக்கிய பட்டியலை, பொட்டாசியம், சோடியம், கால்சியம், மெக்னீசியம் என்று மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் பிள்ளையை நிறுத்தி, "துத்தநாகம் இரும்புக்கு மேலே இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பேன். "புத்தகத்துல போட்டிருக்கு டீச்சர்" என்பதுதான் வழக்கமான பதில். அந்தப் பதில் எனக்குப் போதாது. அதனால்தான் என் வகுப்பில் சோதனையை முதலில் செய்துவிட்டு, வரிசையைக் கடைசியில் எழுதுகிறோம்.

தேவையானவை: மெக்னீசியம் நாடா, துத்தநாகத் தகட்டுத் துண்டு, இரும்பு ஆணி, தாமிரக் கம்பி, இந்த நான்கு உலோகங்களின் சல்பேட் கரைசல்கள். 50 மில்லி தண்ணீரில் 2 கிராம் சல்பேட் உப்பு கரைத்தால் போதும். இரும்பு சல்பேட்டை மட்டும் அன்றைக்கே கரையுங்கள். வைத்திருந்தால் காற்றுபட்டுப் பழுப்பாகிவிடும். துத்தநாக முலாம் பூசிய ஆணி கூடவே கூடாது. இரும்பைச் சோதிப்பதாக நினைத்துக்கொண்டு துத்தநாகத்தைச் சோதித்துக்கொண்டிருப்பீர்கள்.

எல்லா உலோகத்தையும் உப்புத்தாளால் பளபளக்கும்வரை தேயுங்கள். சோதனை சொதப்புவது பெரும்பாலும் இங்கேதான். காப்பர் சல்பேட் நஞ்சு; பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இனி, ஒவ்வொரு உலோகத்தையும் மற்ற மூன்றின் கரைசலில் போடுங்கள். மொத்தம் 12 சோதனைக்குழாய்கள். உலோகத்தின்மேல் புதிதாக ஏதாவது படிகிறதா என்று பாருங்கள். குமிழியை மட்டும் நம்பி "வினை நடந்தது" என்று குறிக்காதீர்கள். இந்தக் கரைசல்களில் லேசான அமிலத்தன்மை உண்டு, மெக்னீசியம் அதிலிருந்து ஹைட்ரஜனை வெளியேற்றும். கணக்கில் எடுக்க வேண்டியது படிவைத்தான்.

காப்பர் சல்பேட்டில் போட்ட ஆணியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஓரிரு நிமிடத்தில் சாம்பல் நிறத்தின்மேல் செம்பழுப்பு ஏறும். கரைசலின் நீலம் வெளுக்க அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம், அவசரப்படாதீர்கள். ஒருமுறை ஒரு மாணவி அந்தப் படிவைக் காட்டி, "இது துருதானே?" என்று விடாப்பிடியாக நின்றாள். நல்ல சந்தேகம். படிவைச் சுரண்டி வேறு குழாயில் போட்டு, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றச் சொன்னேன். துருவாக இருந்தால் மெல்லக் கரைந்து மஞ்சளாகும். இது அப்படியே அடியில் கிடந்தது. தாமிரம்தான் என்று அவளே சொன்னாள். துத்தநாகத்தின்மேல் படியும் தாமிரம் கறுப்பாகத் தெரியும். அதுவும் தாமிரமே, துகள்கள் மிக நுண்ணியவை என்பதால் அப்படி.

இப்போது எண்ணுங்கள். மெக்னீசியம் 3 கரைசல்களில் வேலை செய்திருக்கும். துத்தநாகம் 2, இரும்பு 1, தாமிரம் 0. ஓர் உலோகம் எத்தனை உலோகங்களைக் கரைசலிலிருந்து வெளியேற்றுகிறதோ அத்தனை மேலே; இந்த 3, 2, 1, 0 தான் வரிசை. இந்த இடத்தில் வகுப்பே ஒரு நிமிடம் அமைதியாகிவிடும், எனக்கு மிகவும் பிடித்த நிமிடம் அது.

சரி, உள்ளே நடப்பது என்ன? "இரும்பு தாமிரத்தைத் துரத்துகிறது" என்று சொல்லிப் பழகாதீர்கள். இரும்பு அணு இரண்டு எலக்ட்ரான்களை விட்டுக்கொடுத்து, அயனியாகி (மின்னேற்றம் பெற்ற அணுவாகி)க் கரைசலுக்குள் போகிறது. அந்த இரண்டையும் தாமிர அயனி வாங்கிக்கொண்டு, உலோகமாகி ஆணியில் ஒட்டுகிறது. நீலம் தாமிர அயனியின் நிறம், அது குறையக் குறைய நீலமும் குறைகிறது. சல்பேட் அயனி முதலில் எப்படி இருந்ததோ அப்படியேதான் கடைசியிலும் இருக்கும்.

தேர்வில் தடுக்கிவிழும் இடங்கள் இரண்டு. ஒன்று அலுமினியம். அது துத்தநாகத்துக்கும் மேலே. ஆனால் அலுமினியத் தாளைக் காப்பர் சல்பேட்டில் போட்டால் வெகுநேரம் ஒன்றும் நடக்காது. மேலே இருக்கும் ஆக்சைடு படலம் உள்ளே விடாது. ஒரு சிட்டிகை சாப்பாட்டு உப்பைச் சேர்த்துப் பாருங்கள்: குளோரைடு படலத்தைக் குலைக்க, தாள் ஓட்டை ஓட்டையாகி, செம்பழுப்புத் தாமிரம் திரளும், கரைசலும் சூடாகும்.

அடுத்தது சோடியம். "சோடியம், காப்பர் சல்பேட் கரைசலிலிருந்து தாமிரத்தை இடப்பெயர்ச்சி செய்யுமா?" வரிசையை மட்டும் பார்த்தால் ஆம் என்று எழுதத் தோன்றும். ஆனால் சோடியம் முதலில் தண்ணீரோடுதான் வினைபுரியும். அதில் உண்டாகும் சோடியம் ஹைட்ராக்சைடு, வெளிர்நீலக் காப்பர் ஹைட்ராக்சைடை வீழ்படிவாக்கும் (கரையாத திண்மமாகப் படியவைக்கும்). இதைச் செய்து பார்க்க வேண்டாம், வெடிக்கும். எழுதத் தெரிந்தால் போதும்.

கடைசியாக, எதிலும் வேலை செய்யாத அந்தத் தாமிரக் கம்பியைக் கழுவி, தேய்த்து, நீர்த்த சில்வர் நைட்ரேட்டில் தொங்கவிடுங்கள். விரலில் பட்டால் கறுப்பாகும், கையுறை போடுங்கள். குழாயை ஆட்டாமல் ஒரு மணி நேரம் வையுங்கள். கம்பி முழுக்க வெள்ளி ஊசிகள் முளைத்திருக்கும், நிறமற்றிருந்த கரைசல் நீலமாகத் தொடங்கியிருக்கும். அட்டவணையில் வெள்ளிக்கு ஒரு வரி சேர்த்து, தாமிரத்தின் 0 ஐ அடித்துவிட்டு 1 என்று எழுதி, அதற்கு மேலே உள்ள மூன்றுக்கும் ஒன்று கூட்டச் சொல்லுங்கள்.