ஆங்கிலப் பாடத்தின் இலக்கியச் சொற்கள்: தமிழ் அணியிலக்கணத்தைக் கொண்டே கற்பது எப்படி?

ஆங்கிலத் தேர்வில் கவிதை வரி ஒன்றைக் கொடுத்து, அதிலுள்ள 'ஃபிகர் ஆஃப் ஸ்பீச்' என்ன என்று கேட்பார்கள். இதற்காக மாணவர்கள் வரையறைகளை உருப்போடுகிறார்கள். 'சிமிலி என்றால் லைக், ஆஸ் கொண்டு ஒப்பிடுவது' என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் கேள்வித்தாள் வரியைக் காட்டித்தான் பெயரைக் கேட்கிறது. வரியிலிருந்து பெயருக்குப் போகும் பழக்கம் இல்லாததால், தெரிந்த சொல்லும் அந்த நேரத்தில் கைகொடுப்பதில்லை.

தமிழை ஒரு பாடமாகப் படித்தவர்களுக்கு இதில் நல்ல வசதி உண்டு. உவமை, உருவகம், மோனை, இயைபு, ஆகுபெயர், உயர்வு நவிற்சி எல்லாம் முன்பே படித்தவைதான். அந்த அறிவை ஆங்கில வகுப்புக்குத் தயங்காமல் எடுத்துவரலாம். சில இடங்களில் மட்டும் இரண்டும் முழுதாகப் பொருந்தாது. கவனம் தேவைப்படுவது அங்கேதான்.

உவமையும் உருவகமும் நேராகப் பொருந்தும். 'ஹெர் வாய்ஸ் இஸ் லைக் எ ஃப்ளூட்' என்றால் சிமிலி. 'ஹெர் வாய்ஸ் இஸ் எ ஃப்ளூட்' என்றால் மெட்டஃபர். தமிழில் உவம உருபைத் தேடுவது போலவே இங்கே 'லைக்', 'ஆஸ்' தேடலாம். ஆனால் 'லைக்' வந்ததெல்லாம் சிமிலி ஆகிவிடாது. 'ஐ லைக் ரெய்ன்' என்பதில் அது வெறும் வினைச்சொல். 'ஹி லுக்ஸ் லைக் ஹிஸ் ஃபாதர்' என்பதும் சிமிலி இல்லை; மகன் உண்மையிலேயே அப்பா சாயலில் இருக்கிறான், அவ்வளவுதான். வேறு வேறு வகையான இரண்டு பொருள்களை ஒரு பண்பு இணைக்க வேண்டும். 'ஆஸ் பிரேவ் ஆஸ் எ லயன்' என்பதில் மனிதனையும் சிங்கத்தையும் வீரம் இணைக்கிறது. மெட்டஃபர் வினைச்சொல்லுக்குள் ஒளிந்தும் வரும். 'தி நியூஸ் ஃப்ளூ அக்ராஸ் தி டவுன்' என்றால் செய்தி பறவையாகிவிட்டது. 'இஸ்' இல்லையே என்று விட்டுவிடக் கூடாது.

பர்சானிஃபிகேஷனுக்கு நேராகத் தற்குறிப்பேற்ற அணி என்று எழுதிவைப்பது பரவலான பழக்கம். நெருங்கிய உறவுதான், ஆனால் ஒன்று இல்லை. கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது மதில்மேல் பறந்த கொடிகள் 'வர வேண்டாம்' என்று கைகாட்டின என்று படித்திருப்போம். கொடிக்குக் கை இருப்பதாகச் சொன்னது பர்சானிஃபிகேஷன். காற்றில் இயல்பாக அசைந்ததற்கு, அவர்களைத் தடுக்கவே அசைந்தது என்று கவிஞர் தாமாக ஒரு காரணம் ஏற்றினாரே, அதுதான் தற்குறிப்பேற்றம். ஆங்கில விடைக்கு முதல் பாதி போதும்: மனிதரல்லாத ஒன்றுக்கு மனிதச் செயலோ உணர்வோ தரப்பட்டிருக்கிறதா? 'தி விண்ட் ப்ளூ' என்பதில் இல்லை. 'தி விண்ட் விஸ்பர்ட் எ சீக்ரெட்' என்பதில் இருக்கிறது. அதே காற்றை 'ஓ விண்ட்!' என்று எதிரில் நிற்பவரைப் போல விளித்துப் பேசினால் அதன் பெயர் அபாஸ்ட்ரஃபி. நிறுத்தக்குறிக்கும் இதே பெயர் இருப்பதால் குழம்ப வேண்டாம்.

இப்போது ஓசைக்கு வருவோம். தமிழ் மாணவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான், காரணமும் தெளிவானது. தமிழில் எழுத்தைப் பார்த்தாலே பெரும்பாலும் ஓசை தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் எழுத்து ஒரு பக்கம், ஓசை ஒரு பக்கம். அலிட்டரேஷன், ரைம் இரண்டும் காதுக்கு உரியவை. கண்ணால் தேடினால் தவறாகும்.

அலிட்டரேஷன் மோனைக்கு நெருங்கியது: அடுத்தடுத்த சொற்கள் ஒரே மெய்யோசையில் தொடங்குவது. 'ஃபோன்' என்பதை பி-ஹெச் என்று எழுதுகிறோம், 'ஃபிஷ்' என்பதை எஃப் என்று எழுதுகிறோம். இருந்தாலும் அவை அலிட்டரேஷன் ஆகும். 'நைஃப்' கே எழுத்தில் தொடங்கினாலும் அந்த கே ஒலிப்பதில்லை. எனவே அது 'நோஸ்' என்ற சொல்லுடன் சேரும், 'கிங்' என்ற சொல்லுடன் சேராது. 'சிட்டி', 'கேம்ப்' இரண்டுமே சி எழுத்தில் தொடங்குபவை. ஓசை வேறு என்பதால் சேராது. மோனையில் இன எழுத்துகளுக்கு இடம் உண்டு: சகரத்துக்குத் தகரமும் மகரத்துக்கு வகரமும் மோனையாக வரலாம். அலிட்டரேஷனில் அந்தச் சலுகை கிடையாது. 'மூன்', 'விண்ட்' என்று வருவதைக் காட்டி அலிட்டரேஷன் என்று எழுதினால் தவறு.

ரைம் என்பதை எதுகை என்று குறித்துவைத்திருந்தால் உடனே திருத்துங்கள். எதுகை இரண்டாம் எழுத்தில் வருவது; ஆங்கிலத்தில் அதற்கு நேரான பெயர் இல்லை. அடியின் இறுதியில் ஓசை ஒன்றி வருவது இயைபு. ரைமுக்கு நெருங்கியது அதுதான். 'காஃப், ரஃப், த்ரூ, டோ' நான்கும் ஓ-யூ-ஜி-ஹெச் என்ற ஒரே எழுத்துக்கூட்டில் முடிகின்றன, ஆனால் ஒன்றோடொன்று ரைம் ஆகாது. 'வெயிட், லேட், கிரேட், ஸ்ட்ரெயிட்' நான்கின் எழுத்துக்கூட்டும் வேறு வேறு, நான்கும் ரைம்.

ரைம் ஸ்கீம் கேட்டால் ஒவ்வொரு அடியின் கடைசிச் சொல்லை மட்டும் ஓரத்தில் எழுதுங்கள். மனதுக்குள் ஒலித்துப் பாருங்கள். முதல் சொல்லுக்கு ஏ. அடுத்தது அதே ஓசை என்றால் மறுபடி ஏ, புதிய ஓசை என்றால் பி. 'நைட், சீ, ஒயிட், ஃப்ரீ' என்று முடிந்தால் ஏபிஏபி. 'நைட், ஒயிட், சீ, ஃப்ரீ' என்று முடிந்தால் ஏஏபிபி. எதனுடனும் சேராத சொல்லுக்கும் ஓர் எழுத்து உண்டு. அதை விட்டுவிட்டால் பின்னால் வரும் எழுத்துகள் எல்லாம் தவறிவிடும்.

ஆனமாட்டபியா என்பது ஒலிக்குறிப்பு: பஸ் (தேனீயின் ரீங்காரம்), ஹிஸ், ஸ்ப்ளாஷ். இரட்டைக்கிளவி எல்லாம் இதில் அடங்காது. 'சலசல' அடங்கும், 'பளபள' கண்ணுக்குத் தெரிவது என்பதால் அடங்காது. இதன் 12 எழுத்துகளை மூன்று, நான்கு, ஐந்து என்று பிரித்தால் எழுத்துப்பிழை வராது: ஓ-என்-ஓ, எம்-ஏ-டி-ஓ, பி-ஓ-இ-ஐ-ஏ. உயர்வு நவிற்சிக்கு ஆங்கிலத்தில் ஹைபர்பொலி. 'ஹைபர்போல்' என்று மூன்றசையில் சொல்வது பிழை.

ஆகுபெயர் ஆங்கிலத்தில் இரண்டாகப் பிரிகிறது. உறுப்பைச் சொல்லி முழுமையைக் குறித்தால் சினெக்டகி: 'ஆல் ஹேண்ட்ஸ் ஆன் டெக்' என்பதில் கைகள் என்றால் மாலுமிகள். தொடர்புடைய பொருளைச் சொன்னால் மெட்டானமி: 'தி க்ரௌன்' என்றால் அரசர். மணிமுடி அரசரின் உறுப்பு இல்லையே, அதுதான் வேறுபாடு. எதிர்ச்சொற்கள் இரண்டு ஒட்டி நின்றால் ஆக்ஸிமோரான், 'டெஃபனிங் சைலன்ஸ்' போல. ஒரு முழுக் கூற்றே முரண்போலத் தோன்றி, யோசித்தால் உண்மையாக இருந்தால் பாரடாக்ஸ்: 'தி மோர் யூ கிவ், தி மோர் யூ ஹேவ்'. சொல்வதோ எதிர்பார்ப்பதோ ஒன்று, உண்மை அதற்கு நேர்மாறு என்றால் ஐரனி. அதை வஞ்சப்புகழ்ச்சி என்று மட்டும் கொள்ளாதீர்கள். வஞ்சப்புகழ்ச்சி பேச்சில் வரும் வெர்பல் ஐரனிக்குத்தான் நெருங்கும். தீயணைப்பு நிலையமே தீப்பிடித்தால் சிச்சுவேஷனல். கதவுக்குப் பின்னால் எதிரி நிற்பது பார்வையாளருக்குத் தெரிந்து, பாத்திரத்துக்குத் தெரியாவிட்டால் டிரமாட்டிக்.

வடிவம் சார்ந்த சொற்கள் எண்ணிக்கைதான்: கப்லெட் 2 அடி, டெர்செட் 3, குவாட்ரெயின் 4, செஸ்டெட் 6, ஆக்டேவ் 8, சானெட் 14. ஃப்ரீ வெர்ஸ், பிளாங்க் வெர்ஸ் இரண்டையும் ஒன்றாக நினைக்க வேண்டாம். இரண்டிலும் ரைம் இல்லை. பிளாங்க் வெர்ஸில் அயாம்பிக் பென்டாமீட்டர் என்ற சந்தம் இருக்கும். மெலிந்து வலுக்கும் 'டி-டம்' ஓர் அடியில் ஐந்து முறை, மொத்தம் பத்து அசை. ஃப்ரீ வெர்ஸில் அந்தக் கட்டும் இல்லை.

கதைக்கும் நாடகத்துக்கும் உரிய சொற்களில் பிளாட், தீம் என்ற இரண்டைப் பிரிக்கத் தெரிந்தால் மற்றவை எளிது. என்ன நடந்தது என்பது பிளாட். அதன் வழியே கதை எதைப் பற்றி யோசிக்க வைக்கிறது என்பது தீம். 'ஒரு சிறுவன் தொலைந்த நாயைத் தேடிப்போகிறான்' என்பது பிளாட். விசுவாசம், இழப்பு போன்றவை தீம். புரொடாகனிஸ்ட் என்றால் மையப்பாத்திரம். நல்லவராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. செட்டிங் என்றால் இடம் மட்டுமல்ல, காலமும்தான். காலத்தை எழுத மறப்பவர்கள் நிறைய. நாடகத்தில் பாத்திரம் தனியே நின்று மனத்தில் உள்ளதைப் பேசினால் சாலிலக்வி. மற்றவர்கள் மேடையில் இருக்க, அவர்கள் காதில் விழாததாகப் பார்வையாளரிடம் சொன்னால் அசைடு.

டோன் என்பது எழுதியவரின் மனப்பாங்கு, மூட் என்பது வாசிப்பவருக்குள் எழும் உணர்வு. டோன் கேட்டால் 'ஹாப்பி', 'சாட்' தவிர வேறு சொல் வராமல் நிற்பதுதான் இதில் உண்மையான சிக்கல். பத்துச் சொற்களைப் பழகுங்கள்: நாஸ்டால்ஜிக் (பழைய நினைவில் ஏங்குவது), சாலம் (கனமான அமைதி), பிட்டர் (மனக்கசப்பு), பிளேஃபுல் (விளையாட்டுத்தனம்), அட்மைரிங் (வியப்பு), ரிக்ரெட்ஃபுல் (செய்ததற்கு வருந்துவது), ஹோப்ஃபுல் (நம்பிக்கை), ஆங்ஷியஸ் (பதைப்பு), மாக்கிங் (ஏளனம்), டெண்டர் (கனிவு). கவிதை பாதியில் திரும்பினால் டோனும் மாறும். 'பட்', 'யெட்' வரும் இடத்தில் ஒருமுறை நின்று பாருங்கள்.

பழகுவதற்கு அட்டைகள் போதும். முன்பக்கம் வரி, பின்பக்கம் பெயரும் காரணமும். முன்பக்கம் வரையறையை எழுதினால் பயன் குறைவு. வரிகளை நீங்களே எழுதுங்கள். ஒரு சொல்லுக்கு இரண்டு சரியான வரி, ஒரு போலி வரி. 'ஹி லுக்ஸ் லைக் ஹிஸ் ஃபாதர்' போன்ற போலிதான் எல்லையைக் காட்டும். ஒரு நாளைக்கு நான்கு சொற்களுக்கு மேல் வேண்டாம். மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினைந்தாம் நாள் என்று திரும்பிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அட்டைகளைக் கலைத்துவிடுங்கள். சிமிலி எல்லாம் ஒரே கட்டாக இருந்தால் வரியைப் படிக்காமலே விடை வந்துவிடும். பழக்கமானது போலத் தோன்றும், தேர்வில் உதவாது.

விடை எழுதும்போது பெயர், சான்று, விளைவு என்ற மூன்றும் வேண்டும். 'தி ஓல்ட் பஸ் க்ரோன்ட் அப் தி ஹில்' என்ற வரி வந்தால், 'இட் இஸ் பர்சானிஃபிகேஷன்' என்று நிறுத்துவது அரைகுறை. இப்படி எழுதுங்கள்: 'தி ஃபிகர் ஆஃப் ஸ்பீச் இஸ் பர்சானிஃபிகேஷன். தி பஸ் "க்ரோன்ட்" ஆஸ் எ டயர்ட் பர்சன் வுட். இட் ஷோஸ் ஹவ் ஹார்ட் தி க்ளைம்ப் இஸ் ஃபார் தி ஓல்ட் பஸ்.' சான்றாக எடுக்கும் சொல்லை மேற்கோள் குறிக்குள் இடுங்கள். 'இட் மேக்ஸ் தி போயம் பியூட்டிஃபுல்' என்ற வாக்கியம் எந்தக் கவிதைக்கும் பொருந்தும் என்பதால் அது விளைவாகக் கணக்கில் வராது. கேள்வி வெறும் 'ஐடென்டிஃபை' என்றால் பெயர் போதும். 'எக்ஸ்ப்ளெயின்', 'கமென்ட் ஆன்' என்றால் மூன்றும் எழுத வேண்டும்.

'க்ரோன்ட்' என்பது முனகும் ஓசையையும் தருகிறதே, ஆனமாட்டபியா என்று எழுதக்கூடாதா? எழுதலாம். ஒன்றுதான் கேட்டிருக்கிறார்கள் என்றால், எதற்கு உங்களால் தெளிவாகக் காரணம் சொல்ல முடிகிறதோ அதை மட்டும் எழுதுங்கள். இரண்டையும் சாய்கோடு போட்டு எழுதினால் ஊகிப்பதாகத் தெரியும். பன்மையில் கேட்டிருந்தால் இரண்டையும் தனித்தனி வாக்கியமாக, தனித்தனிக் காரணத்தோடு எழுதுங்கள்.