ஹன்னிபால் படையைக் கட்டும்போது எங்கே சறுக்குகிறது

ரோமோடு போரிட்ட வட ஆப்பிரிக்க அரசான கார்தேஜின் படையை, மேசைப் போர் விளையாட்டுக்கான சிறு சிலைகளால் (மினியேச்சர்) கட்டுவது என்றதும் பலரும் முதலில் வாங்குவது யானையை. சறுக்கல் அங்கேயே ஆரம்பம். கி.மு. 218இல் ரோமைத் தாக்க, கார்தேஜ் தளபதி ஹன்னிபால் 37 யானைகளோடு ஆல்ப்ஸைக் கடந்தார். கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் கணக்குப்படி, இத்தாலியில் நடந்த ட்ரெபியா போருக்குப் பின் குளிரில் பிழைத்தது ஒன்றே ஒன்று. கி.மு. 216 கன்னே போரில் யானையே கிடையாது. கி.மு. 202 ஜாமாவிலோ 80. எந்தப் போரை மேசையில் ஆடப்போகிறீர்கள் என்பதை முடிவு செய்யாமல் பெட்டி வாங்கினால், பாதிப் படை அலமாரியில்தான் நிற்கும்.

லிபிய ஈட்டி வீரர்களும் இதே கதைதான். கி.மு. 217இல் டிராசிமீன் ஏரிப் போரில் பிடித்த ரோமக் கவசங்களை அவர்களுக்குக் கொடுத்தார்கள். கன்னேயை ஆடுபவர் லினன் மார்புக்கவச வீரர்களாகவே நிரப்பாமல், ரோம பிளாஸ்டிக் பெட்டியில் மிஞ்சும் சங்கிலிக்கவச உடல்களையும் நீள்வட்டக் கேடயங்களையும் கலக்க வேண்டும். 'புனிதப் படை' (கார்தேஜ் குடிமக்களின் சிறப்புப் பிரிவு) என்று வெள்ளைக் கேடய வீரர்களைச் சேர்ப்பது பெரிய பிழை. அந்தப் பிரிவு கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, கி.மு. 310க்குப் பிறகு அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

இனி யானை. நம் கண்ணுக்குப் பழகியது கோயில் யானை. கை தானாகவே காதிலும் துதிக்கையிலும் இளஞ்சிவப்புப் புள்ளிகளை வைத்துவிடும். அவை ஆசிய யானைக்குரியவை. கார்தேஜ் பயன்படுத்தியது பெரும்பாலும் வட ஆப்பிரிக்காவின் சிறிய இனம், இப்போது அழிந்துவிட்டது. பெரிய காது, நடுவில் குழிந்த முதுகு, மேடில்லாத நெற்றி: சிலை வாங்கும்போதே இந்த மூன்றையும் பாருங்கள். அம்பாரி இருந்ததா என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்தில்லை. ஹன்னிபாலின் பார்கா குடும்பத்தார் ஸ்பெயினில் அடித்த நாணயங்களில் பாகன் மட்டும்தான் இருக்கிறார், ஆகவே அம்பாரியை ஒட்டாமல் விடுவதே என் தேர்வு.

உலோக யானையின் இரு பாதிகளை சூப்பர் குளூவால் மட்டும் ஒட்டினால், ஒருமுறை கீழே விழுந்ததும் பிளந்துவிடும். 1 மி.மீ. துளையிட்டு, கம்பி செருகி, இரு பகுதி எபாக்ஸி பூசுங்கள். ஈயக் கலவை ஈட்டிகளும் வளைந்தபடியே இருக்கும். வெட்டி எறிந்துவிட்டு 0.8 மி.மீ. எஃகுக் கம்பியை வையுங்கள். 28 மி.மீ. உயர வீரனுக்கு 40 மி.மீ. நீளம் போதும், ஏறக்குறைய 2.4 மீட்டர் ஈட்டிக்குச் சமம். அதைவிடச் சிறிய 1/72 அளவுச் சிலைகளை 28 மி.மீ. படையோடு கலக்காதீர்கள். தலையும் ஆயுதமும் சிறுத்து, அண்ணன் பக்கத்தில் தம்பி நிற்பதுபோல் தெரியும்.

வட ஆப்பிரிக்காவின் நுமிடியக் குதிரைகளுக்குச் சேணம், கடிவாளம் எதுவும் இல்லை. கழுத்தில் ஒரு கயிறு மட்டும். வார்ப்பில் கடிவாளம் இருந்தால் கத்தியால் சீவி, அரத்தால் தேய்த்துவிடுங்கள். அங்கவடி (கால் வைக்கும் வளையம்) அந்தக் காலத்தில் எந்தப் படையிலும் கிடையாது.

எல்லோருக்கும் ஒரே நிறச் சீருடை கொடுப்பதும் வேண்டாம். இது பல நாட்டுக் கூலிப்படை. பொலிபியஸ், ஸ்பெயின் பகுதி ஐபீரியர்களுக்கு ஊதாக் கரையிட்ட குட்டைச் சட்டை என்கிறார். கெல்ட்டுகள் அவர் எழுத்தில் நிர்வாணம். ரோம வரலாற்றாசிரியர் லிவியோ, இடுப்புக்கு மேலே மட்டும் நிர்வாணம் என்கிறார்.

15 மி.மீ. உயரச் சிலைகளில், 40 மி.மீ. அகல பேஸில் (சிலைகளை ஒட்டும் அடித்தட்டு) நான்கு பேர் நிற்கும்போது ஒருவருக்கு 10 மி.மீ.தான் கிடைக்கும். வாளை வீசும் கெல்ட்டுகள் பக்கத்து பேஸில் முட்டிக்கொள்வார்கள். ஒட்டும் முன் பசையில்லாமல் அடுக்கிப் பார்த்து, ஒவ்வொருவர் காலடியிலும் பென்சிலால் எண் எழுதுங்கள். ஸ்ப்ரே பிரைமரும் (முதல் பூச்சு) மேட் வார்னிஷும் (பளபளப்பில்லாத மேல்பூச்சு) மழைக்கால ஈரக் காற்றில் வெண்மையாகப் பூத்துவிடும். வெயிலுள்ள காலையில், 20 முதல் 30 செ.மீ. தள்ளி, இரண்டு மெல்லிய பூச்சாக அடியுங்கள்.