தோலில் காந்தம் ஒட்டுமா? வீட்டிலேயே சோதிக்கும் முறை

கோவிட் தடுப்பூசி போட்ட தோளில் காந்தம் ஒட்டுவதாகக் காட்டிய 2021ஆம் ஆண்டுக் காணொளிகளைப் பற்றிய பேச்சு, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வொர்த்தில் உறவினர் வீட்டில் மறுபடியும் எழுந்தபோது நான் செய்து காட்டிய சோதனை இது.

தேவையானவை: சிறு வட்டக் காந்தம், அதே அளவுள்ள பிளாஸ்டிக் பொத்தான், முகப்பவுடர், தையல் நூல். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் அலங்காரக் காந்தம் வலுக் குறைந்தது என்பதால், ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் நியோடைமியக் காந்தத்தையே நான் பரிந்துரைப்பேன். ஆனால் அதைக் குழந்தைகள் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அதன் அருகில் வரக்கூடாது.

முதலில் காந்தத்தை நெற்றியிலோ தோளிலோ அழுத்தி வையுங்கள். டர்பனின் ஜனவரிப் புழுக்கத்தில் அது பெரும்பாலும் நின்றுவிடும். அடுத்து பொத்தானை அதே இடத்தில் வையுங்கள், அதுவும் நிற்கும். பிறகு தோலைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, பவுடர் பூசி இரண்டையும் மீண்டும் வைத்தால் இரண்டுமே நழுவி விழும், ஏனெனில் அவற்றைப் பிடித்திருந்தவை வியர்வையும் தோலின் எண்ணெய்ப் பசையும்தான்.

பலர் தடுமாறும் இடம் அடுத்தது. காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு, தோலைத் தொடாதபடி அருகே கொண்டு செல்லுங்கள். ஈர்ப்பு உண்மையானால் தொடுவதற்கு முன்பே காந்தம் தோலை நோக்கிச் சாய வேண்டும். மின்விசிறிக் காற்றிலும் மூச்சிலும் நூல் ஆடுவதைச் சிலர் ஈர்ப்பு என்று எண்ணிவிடுகிறார்கள்; ஆகவே விசிறியை நிறுத்தி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, நூல் முழுமையாக அடங்கும்வரை பொறுத்திருங்கள். (மின்வெட்டு நேரம் இதற்கு மிக வசதி.) ஒப்பிட்டுப் பார்க்க ஓர் இரும்புக் கரண்டியின் அருகில் கொண்டு சென்றால் வேறுபாடு உடனே விளங்கும்.

பெரியவர் ஒருவரின் உடலில் ஏறத்தாழ 3 முதல் 4 கிராம் இரும்பு உண்டு. அது ஆணியிலுள்ள இரும்பைப் போல உலோகமாக இல்லாமல், பெரும்பகுதி இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுக்குள் தனித்தனி அணுக்களாகப் பிணைந்திருப்பதால், காந்தத்தை நிறுத்தும் வலு அதற்கு இல்லை.

பின்சேர்க்கை: பொத்தானுக்குப் பதிலாக நாணயத்தை வைக்கலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். நம் தென்னாப்பிரிக்க 10, 20, 50 சென்ட் நாணயங்கள் உலோகப் பூச்சிட்ட எஃகு, காந்தம் அவற்றை இழுக்கும். ஆகவே பிளாஸ்டிக்கே நல்லது. காது கேட்க உதவும் காக்ளியர் கருவியை அறுவை சிகிச்சையில் பொருத்தியவர்களிடம் இதைச் செய்யாதீர்கள்: அவர்களுடைய தோலுக்கடியில் காந்தம் உள்ளது, அங்கே உண்மையாகவே ஒட்டும்.